பனியும் கண்ணாடியும்: நியூயோர்க்கின் குளிர்காலப் புகைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

புகைப்படக் கலையை மதிப்பிடும்போதும் இலக்கிய விமரிசனத்தில் நாம் பழகிய உருவம், உள்ளடக்கம் என்னும் பிரிவினையே துணைக்கழைக்கப்படுகிறது. வெண்பனி மூடிய பெருநகரின் படங்கள் இத்தகைய விமரிசனத்தில் எளிதிற் புறந்தள்ளப்படுவன. அவை அழகானவை; ஆதலின் சமுதாய வாழ்வுக்குப் புறம்பானவை என்பது முற்போக்கு நிலைநின்று நோக்குவோர் பலரது முடிபு. அம்முடிபு அவசரமானது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

1893 பெப்ரவரி 22ஆம் நாள் நியூயோர்க்கைப் பனிப்புயல் தாக்கிற்று. அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் என்பார் கைக்கமரா ஒன்றுடன் ஐந்தாம் அவெனியூவில் மூன்று மணி நேரம் காத்து நின்று, பனியிற் பதிந்த சக்கரத் தடங்களினூடே தம்மை நோக்கி வரும் குதிரை வண்டியைப் படமெடுத்தார். பின்னர் நெகற்றிவின் பக்கங்களை நீக்கி, வண்டி ஒன்றே மேலோங்கி நிற்குமாறு செய்தார். கைக்கமராவைப் பொழுதுபோக்குப் பொருளாகக் கலைஞர் இகழ்ந்த காலம் அது. இப்படத்தின் வரலாற்று முக்கியத்துவம் மறுக்கற்பாலதன்று. ஆயினும் அம்மூன்று மணி நேரத்தைத் தியாகமாகப் போற்றும் வழக்கம் ஒன்றை மறந்துவிடுகிறது. புகைப்படக்காரர் விரும்பி ஏற்ற குளிர் அது. வண்டியோட்டிக்கோ அது அன்றாடத் தொழில்.

அதே ஆண்டு அவர் எடுத்த 'இறுதித் தரிப்பிடம்' இதனினும் உயர்ந்த படைப்பு. குதிரை டிராம் வண்டியின் பயணம் முடிந்திருக்கிறது; ஓட்டுநர் நமக்கு முதுகுகாட்டி நின்று குதிரைகளுக்கு நீர் காட்டுகிறார்; அவற்றின் உடல்களிலிருந்து ஆவி எழுகிறது. உறைந்த அத்தெருவில் நம் கண்ணுக்குப் புலனாகும் வெப்பம் உழைத்த உடலின் வெப்பமே. 1890இல் ஜேர்மனியிலிருந்து திரும்பிய தமது தனிமையுணர்வோடு இக்காட்சியை ஸ்ரீக்லிற்ஸ் பின்னாளில் தொடர்புபடுத்தினார். படைப்பாளியின் விளக்கம் படைப்பினுஞ் சிறுத்துப் போவதற்கு இது நல்ல உதாரணம். (அதே நகரின் சேரிகளை மக்னீசிய ஒளிப்பொடி கொண்டு படமெடுத்து 1890இல் நூலாக்கிய ஜேக்கப் றீஸ் குளிரை நேராகவே காட்டினார். உறங்குவோரை அவ்வொளி திடுக்குற எழுப்பிற்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.)

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின், அதே நகரின் பனியை வண்ணத்திற் பதிவுசெய்தவர் சோல் லைற்றர் (1923-2013). பிற்ஸ்பேர்க்கில் யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்து, ஓவியராகும் நோக்குடன் 1946இல் நியூயோர்க் வந்தவர் இவர். இவரது படங்களிற் காணப்படும் கலங்கல்களையும் மங்கல்களையும் 'கவித்துவம்' என்று கூறி அமைவோர் அவற்றின் பௌதிக அடிப்படையைக் கவனிப்பதில்லை. அவர் கையாண்ட கொடக்குரோம் பிலிமின் ஒளியுணர்திறன் 1961 வரை ஏ.எஸ்.ஏ. 10 மாத்திரமே. மேகம் மூடிய குளிர்காலப் பகலில், வில்லையின் துவாரத்தை நன்கு திறந்துவைத்த பின்னரும், ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்கு நேரமாவது ஒளி புகவேண்டும். துவாரம் அகலுந்தோறும் கூர்மையாகப் பதியும் ஆழம் குறையும். நடந்து செல்வோர் கலங்குவர். பனி வேறொரு பொறியையும் வைக்கிறது. ஒளிமானி வெண்மையையும் நடுத்தரச் சாம்பலாகவே கணிப்பதால், அதனை அப்படியே நம்புவோனுக்குக் கிட்டுவது அழுக்குப் பனி. அளவு மீறி ஒளி கொடுத்தாலோ வெண்மை வெறுமையாகிவிடும்.

உற்பத்தி உறவும் இதில் உண்டு. கொடக்குரோமில் நிறங்கள் கழுவும்போதே சேர்க்கப்படுவன. வீட்டு இருட்டறையில் அது இயலாத காரியம். 1954 வரை அமெரிக்காவில் கொடக் நிறுவனம் கழுவுங்கூலியைப் பிலிமின் விலையோடு சேர்த்தே அறவிட்டது. ஏகபோகத்திற்கெதிராக அரசு எடுத்த நடவடிக்கையின் பின்னரே அந்நிலை மாறிற்று. தனியொருவரின் பார்வை என்று கொண்டாடப்படும் நிறம், ஒரு பெருந்தொழிற்சாலையின் வழியாகவே அவரிடம் திரும்பி வந்தது.

இனி, 1960இல் எடுக்கப்பட்ட 'பனி' என்ற படத்தை நோக்குவோம். நீர் வழியும் கண்ணாடிக்கு அப்பால் ஓர் உருவம், முகம் தெளிவில்லை. உலகத்திலிருந்து ஒதுங்கி நிற்கும் அழகியல்வாதியின் பார்வை இது எனக் குற்றஞ்சாட்டுவது எளிது. ஆனால் கண்ணாடி ஏன் மங்குகிறது? உள்ளேயுள்ள வெப்பமான காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்திற் படிவதாலேயே. ஆகவே, படமெடுப்பவர் நிற்பது கதகதப்பில். எடுக்கப்படுபவர் நிற்பது குளிரில். இவ்வேறுபாட்டை லைற்றர் மறைக்கவில்லை. படத்தின் பரப்பெங்கும் அதுவே படிந்துள்ளது. ஸ்ரீக்லிற்ஸின் ஐந்தாம் அவெனியூப் படத்தில் நாம் காணமுடியாத, பார்ப்பவனின் இருப்பிடம் இங்கே தெரிகிறது. படத்தை நோக்கும் நாமும் உள்ளேயே நிற்கிறோம். 'மேற்கட்டி' (1958) என்ற படத்திலும் இதே நேர்மை உண்டு. சட்டகத்தின் பெரும்பகுதியைக் கரிய மேற்கட்டி அடைத்துக்கொள்ள, கீழே ஒடுங்கிய கீற்றிலேயே பனிபெய்யும் தெரு தெரிகிறது. ஒதுங்கி நிற்பவனுக்குக் கிடைக்கும் உலகம் அவ்வளவுதான்.

இதனால் லைற்றரை யதார்த்தவாதி என நிறுவ யாம் முயலவில்லை. வெளியே நிற்பவன் எங்கே போகிறான், அவனது அறையில் வெப்பம் உண்டா என்ற வினாக்களை அவர் எழுப்புவதேயில்லை. 'காலடித் தடங்கள்' போன்ற படத்தில், மேலிருந்து நோக்கும் கண்ணுக்குச் செங்குடை ஒரு நிறப்புள்ளியாகவே எஞ்சுகிறது. குடைக்குக் கீழுள்ளவர் மறைந்துபோகிறார். அங்கே நமது குற்றச்சாட்டு நியாயமானதே.

வண்ணப் பிரதியெடுக்கும் செலவைத் தாங்கவியலாத லைற்றர் சிலைட்டுகளை நண்பர்க்குத் திரையிற் காட்டியதோடு அமைந்தார். அவற்றுட் பெரும்பாலானவை பல தசாப்தங்கள் பெட்டிகளிற் கிடந்து, 2006இல் வெளிவந்த நூலொன்றின் மூலமே பரவலாக அறியப்பட்டன. கொடக்குரோம் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது. இருளில் வைத்த அதன் நிறங்கள் எளிதில் வெளிறுவதில்லை. அச்செங்குடை இன்றும் சிவப்பாகவே இருக்கிறது.