பை சுமப்பவனின் பங்கு

பெருஞ்செல்வர் கழகங்கள் பிறருக்கு உதவக் கடமைப்பட்டவையா என்று கேட்டால், ஆண்டுக்கொரு போட்டி நடத்திக் காசோலை வழங்கும் புகைப்படத்தையே பலர் விடையாகக் காட்டுவர். அது கொடை, கடமையன்று.

1879இல் தோன்றிய கொழும்பு கோல்ப் கழகம் முதலில் காலிமுகத்திடலில் ஆடியது; பின்னர் பொரளைக்குப் பெயர்ந்தது; 1928இல் 'றோயல்' பட்டமும் பெற்றது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் அப்புற்றரையை ஊடறுத்தே செல்கிறது. நெருக்குண்டு நின்று வேலைக்குப் போவோர் சாளரத்தூடே சில கணங்கள் அப்பசுமையைக் காண்கின்றனர். அயலிலேதான் வனாத்தமுல்லையின் நெருக்கமான குடியிருப்புகளும் உள்ளன.

இவ்விளையாட்டில் அருமையான விதியொன்றுண்டு. வல்லவரும் எளியவரும் மோதுகையில் எளியவருக்குச் சில அடிகள் கழித்துக் கொடுக்கப்படும், 'ஹண்டிகாப்' என்பர். அதை எவரும் இரக்கமென்று சொல்வதில்லை. ஆட்டம் நியாயமாக நடக்க வேண்டியதென்றே கொள்வர். (எங்கள் பரீட்சை மண்டபங்களில் அவ்விதி இல்லாதது வேறு கதை.)

ஆனால் அந்நியாயம் ஆடுவோருக்கிடையில் மட்டுமே. அவர்தம் பையைச் சுமப்பவனை அது எட்டாது. உலகின் பல கழகங்களில் அவன் வருவாய் ஆடுபவர் மனமுவந்து தரும் பணத்தையே நம்பியுள்ளது. மழைநாட் கூலியும் முதுமைக்கால உதவியும் அவனுக்கு உரிமையாக எழுதப்படும்வரை, காசோலைப் படங்களை எக்கழகத்தின் பெருமைக்கும் சான்றாக நான் ஏற்கமாட்டேன்.