அறிவினாவும் மாற்றுவிடையும்: வானொலிச் சொற்புதிரில் விடைமயக்கம்

ஆய்வுச்சுருக்கம்

வாரந்தோறும் வானொலியில் விடுக்கப்படும் சொற்புதிருக்குப் புதிராசிரியர் கருதிய விடையோடு வேறு விடைகளும் பொருந்திவரும்போது, எதனை ஏற்பது என்னும் விவாதம் எழுகிறது. அமெரிக்காவின் நேஷனல் பப்ளிக் ரேடியோ ஒலிபரப்பிவரும் 'சண்டே பசில்' என்னும் புதிர்ப்பகுதியை முன்வைத்து, தமிழ் இலக்கண மரபு தரும் வினா, குற்றம், உத்தி ஆகிய கருத்தாக்கங்களின் துணையோடு இவ்விடைமயக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆசிரியரின் கருத்தன்று, வினாவின் சொற்களே தீர்ப்புக்கு அளவுகோலாக வேண்டும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: சொற்புதிர், பிசி, அறிவினா, மயங்க வைத்தல், இரட்டுற மொழிதல், எழுத்து.

முன்னுரை

சொற்புதிர் இருவருக்கிடையே நிகழும் உடன்பாடு. விடுப்பவர் விடையை அறிந்தே வினவுகிறார் என்று விடுவிப்பவர் நம்புகிறார்; தாம் தந்த குறிப்புகளைக் கொண்டே விடுவிப்பவர் விடையை அடைவார் என்று விடுப்பவர் நம்புகிறார். குறிப்புகள் அனைத்திற்கும் பொருந்தும் இரண்டாவது விடையொன்று கிடைக்கும் நாளில் இவ்வுடன்பாடு சோதனைக்கு உள்ளாகிறது. 'நான் கருதியது அதுவன்று' என்பது விடுப்பவரின் வாதம். 'நீங்கள் கேட்டது இதுதான்' என்பது விடுவிப்பவரின் வாதம். இரண்டனுள் எது வலிமை உடையது என்பது பொழுதுபோக்கு பற்றிய சிறு வினாவாகத் தோன்றினும், ஒரு தொடரின் பொருள் சொன்னவரிடத்தில் உள்ளதா, சொல்லில் உள்ளதா, கேட்டவரிடத்தில் உள்ளதா என்னும் பெருவினா அதற்குள் அடங்கியுள்ளது.

தமிழ் மரபு புதிரைப் புறக்கணித்ததில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு, உவமையோடு பொருந்தி வருவது, வெளிப்படத் தோன்றுவதைச் சொல்லித் துணியவைப்பது என இருவகைப்படுத்துகிறது. அங்கு ஆளப்படும் 'துணிவு' என்னும் சொல் கருதத்தக்கது. கேட்பவர் சென்று சேர வேண்டிய இடம் ஐயம் அன்று, துணிவு. துணிவுக்கு வழிகாட்டாத பிசி தன் பணியில் தவறுகிறது.

வானொலிப் புதிரின் அமைப்பு

'வீக்எண்ட் எடிஷன் சண்டே' என்னும் நிகழ்ச்சி 1987 சனவரியில் தொடங்கியது. ஞாயிறு நாளிதழுக்கு இணையானதொரு வானொலி நிகழ்ச்சி வேண்டும் என்பது அதன் முதல் தொகுப்பாளர் சூசன் ஸ்டாம்பெர்க்கின் எண்ணம். நாளிதழில் புதிர் இடம்பெறுவதுபோல வானொலியிலும் இடம்பெற்றது. அவ்வாண்டு முதல் புதிராசிரியராக விளங்குபவர் வில் ஷார்ட்ஸ். இவர் 1974இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில், தாமே வகுத்துக்கொண்ட பாடத்திட்டத்தின்வழிப் புதிரியலில் பட்டம் பெற்றவர். 1993 முதல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிர்ப் பகுதிக்கு ஆசிரியர்.

புதிர்ப்பகுதி இரு கூறுகளை உடையது. சென்ற வாரப் புதிருக்குச் சரியான விடை அனுப்பியவர்களுள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர், தொலைபேசிவழி நிகழ்ச்சியில் கேட்கப்படும் புதிர்களை விடுவிப்பது முதற்கூறு. நேயர் அனைவருக்கும் அடுத்த வாரத்திற்கான புதிரை விடுப்பது இரண்டாம் கூறு. விடைமயக்கம் பெரும்பாலும் இரண்டாம் கூற்றில் எழுகிறது. அவ்வுரையாடலில் தவறான விடை வந்தால் புதிராசிரியர் உடனே வேறொரு குறிப்புத் தந்து வழிப்படுத்த இயலும். வாரப்புதிரிலோ வினா ஒருமுறை சொல்லப்பட்டதும் ஆசிரியரின் கையை விட்டு நீங்கிவிடுகிறது. பல நேயர் பல நாள் சிந்திக்கின்றனர். ஒருவர் தனியே அமர்ந்து வகுத்த வினாவின் இடைவெளிகளை அவர்களுள் யாரேனும் கண்டுவிடுகிறார். மறுவாரம் கருதிய விடையை அறிவிக்கும்போது, பொருந்திவந்த மாற்றுவிடையும் ஏற்கப்பட்டது என்று அறிவிக்கும் வழக்கமும் இப்பகுதியில் உண்டு. ஆயினும் எல்லா மாற்றுவிடைகளும் ஏற்கப்படுவதில்லை. விவாதம் அங்குத் தொடங்குகிறது.

அறிவினாவின் எல்லை

நன்னூல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கிறது. விடையறிந்த ஆசிரியர் மாணவரிடம் வினவுவது அறிவினா. சொற்புதிரும் இயல்பால் அறிவினாவே. விடையை அறியாத ஒருவர் விடுக்கும் வினா புதிராகாது. அது உதவி கோருவதாகும்.

எதிர்பாராத மாற்றுவிடை இவ்வியல்பைத் தகர்க்கிறது. வினவியவர் ஒரு விடையை அறிந்திருந்தார். வினாவின் விடைகளை அறிந்திருக்கவில்லை. அறியாத அப்பகுதியைப் பொறுத்தவரை அவ்வினா அறியாவினாவாக மாறிவிடுகிறது. கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்னும் நிலை அக்கணத்தில் இடம் மாறுகிறது. நிகழ்ச்சியின் பரிசு சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னமும் சில புதிர் விளையாட்டுப் பொருள்களுமே எனினும், மாற்றுவிடை மறுக்கப்பட்ட நேயர் மனம் அமைதியுறாமைக்குக் காரணம் இதுவே. குலுக்கலில் சேரும் வாய்ப்பை இழந்ததைவிட, தம் மொழியறிவு சான்றாக ஏற்கப்படாததே அவருக்கு இழப்பு.

குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய மூன்றையும் புதிர்வினாவிற்கும் பொருத்திக் காணலாம். புதிராசிரியர் முதலிரண்டு குற்றங்களுக்கும் இடையில் நிற்பவர். குறிப்பு குறைந்தால் விடை பலவாகும். மிகுந்தால் விடை வெளிப்பட்டுப் புதிரே இல்லாமற்போகும். வானொலியில் இந்நெருக்கடி மேலும் கடுமையாகிறது. அச்சில் உள்ள நீண்ட நிபந்தனையைத் திரும்பப் படிக்கலாம். காதால் கேட்கும் நிபந்தனையை நினைவில் நிறுத்தியாக வேண்டும். ஆதலின் வானொலிப் புதிர் சுருக்கத்தை நாடுகிறது. சுருக்கம் குன்றக் கூறலை நோக்கி இழுக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு வினாவை அமைத்துக் காணலாம். 'ஒரு நாட்டின் பெயரில் ஓரெழுத்தை மட்டும் மாற்றினால் மற்றொரு நாட்டின் பெயர் கிடைக்கும். அந்நாடுகள் எவை?' ஆங்கில எழுத்தில் ஈரான், ஈராக் என்னும் இணையும் காம்பியா, சாம்பியா என்னும் இணையும் இவ்வினாவிற்குப் பொருந்தும். ஆசிரியர் ஈரான், ஈராக்கை மட்டும் கருதியிருந்தால், ஆப்பிரிக்க நாடுகளைச் சுட்டிய நேயரை மறுக்க அவரிடம் எந்தச் சொல்லும் இல்லை. 'இறுதி எழுத்தை' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் இவ்விரண்டனுள் மயக்கம் நீங்கியிருக்கும், விடையும் வெளிப்பட்டிருக்காது. எனவே மயக்கம் என்பது தவிர்க்க இயலாத மொழிக்குறை என்று எப்போதும் சமாதானம் கூறிவிட முடியாது. பல நேரங்களில் அது வினா அமைப்பின் குறை.

எழுத்து என்னும் அலகு

இதே வினாவைத் தமிழில் கேட்டால் நிலைமை மாறுகிறது. மேற்கண்ட இரு இணைகளும் தமிழெழுத்திலும் பொருந்துகின்றன. அவற்றோடு சீனா, கானா, சிலி, மாலி, ஏமன், ஓமன் ஆகிய இணைகளும் சேர்கின்றன. ஆங்கிலத்தில் இம்மூன்றும் பொருந்துவதில்லை. 'முதலில் உள்ள எழுத்தை' என்று வரையறுத்தாலும் தமிழில் நான்கு இணைகள் எஞ்சுகின்றன. ஒரு வினாவிற்கு விடை ஒன்றா, பலவா என்பது வினாவின் சொற்களால் மட்டும் அமைவதன்று. எழுத்து முறையாலும் அமைவது.

இங்கு மற்றொரு வழக்கும் எழுகிறது. 'சீனா' என்பதில் 'சீ'யை நீக்கிக் 'கா'வை வைத்தால் 'கானா' ஆகும். வரிவடிவ நோக்கில் மாறியது ஓர் எழுத்து. ஆனால் உயிரும் மெய்யுமாகிய முப்பதையே முதலெழுத்தாகவும், உயிர்மெய்யைச் சார்பெழுத்து வகைகளுள் ஒன்றாகவும் கொள்வது நன்னூல். அந்நோக்கில் சகர மெய் ககர மெய்யாகவும், ஈகாரம் ஆகாரமாகவும் மாறியுள்ளன, மாறியவை இரண்டு. சிலி, மாலி என்பதற்கும் இதுவே பொருந்தும். காம்பியா, சாம்பியா என்பதில் மெய் மட்டும் மாறுகிறது. ஏமன், ஓமன் என்பதில் உயிர் மட்டும் மாறுகிறது. இவ்விரண்டும் எவ்வகையில் எண்ணினும் தேறும். மேலும், வானொலியில் 'முதல் எழுத்து' என்று ஒலித்தால், சொல்லின் தொடக்க எழுத்தா, இலக்கணத்தார் கூறும் முதலெழுத்தா என்பதையும் காதால் மட்டும் பிரித்தறிய இயலாது.

எண்ணிக்கையிலும் இத்தகைய இருமை உண்டு. 'கப்பல்' என்னும் சொல்லை நான்கெழுத்து என்பது பொதுவழக்கு. கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணும் யாப்பு மரபோ ஒற்றை நீக்கி எண்ணும். அம்மரபில் அது இரண்டெழுத்து. 'ஐயா' ஈரெழுத்து, 'அய்யா' மூன்றெழுத்து, ஒலிபரப்பில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். இவற்றுள் ஒன்றை மட்டும் சரியென்று கொள்ள விரும்பும் புதிராசிரியர், தாம் எம்முறையில் எண்ணுகிறார் என்பதை வினாவிலேயே கூற வேண்டும். விடை வந்த பின்னர் முறையை அறிவிப்பது, ஆட்டம் முடிந்தபின் கோட்டை நகர்த்துவதாகும்.

பொருந்தும் விடையும் இழுத்துப் பொருத்தும் விடையும்

சொற்களே அளவுகோல் என்றால் எவ்விடையையும் ஏற்க நேருமே என்பது எதிர்வாதம். இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆங்கிலத்தில் எஸ், டி, ஓ, பி ஆகிய நான்கு எழுத்துகளை மாற்றியடுக்கி ஸ்டாப், ஸ்பாட், போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ், ஆப்ட்ஸ் என ஆறு சொற்களை ஆக்கலாம். 'போஸ்ட் என்பதன் எழுத்துகளை மாற்றியடுக்கி, வீட்டில் காணப்படும் பொருள்களைக் குறிக்கும் சொல்லைக் கூறுக' என்பது வினா எனக் கொள்வோம். பானைகள் எனப் பொருள்படும் 'பாட்ஸ்' கருதிய விடை. மேலாடைகளைக் குறிக்கும் 'டாப்ஸ்' மாற்றுவிடை. மேலாடையும் வீட்டில் இருப்பதே. இதனை ஏற்பதே முறை. 'சமையலறையில் காணப்படும் பொருள்கள்' என்று வினா அமைந்திருந்தால், மேலாடை விலகிவிடும். அப்போது ஒருவர், 'டாப்ஸ் என்பது பாத்திர மூடிகளையும் குறிக்கும்' என்று வாதிடலாம். அகராதி அவருக்கு ஓரளவு துணைநிற்கும். ஆயினும் பொதுவழக்கில் சமையலறைப் பொருள் எனக் கேட்டவுடன் அச்சொல் தோன்றுவதில்லை. வேண்டிய விடைக்கு ஏற்பப் பொருள் இழுக்கப்படுகிறது.

ஆகவே மாற்றுவிடைகளை இரண்டாகப் பகுக்கலாம். வினாவின் ஒவ்வொரு நிபந்தனையையும் வழக்குப் பொருளிலேயே நிறைவுசெய்வது பொருந்தும் விடை. ஏதேனும் ஒரு நிபந்தனைக்கு அரிய பொருளையோ தனி விளக்கத்தையோ வேண்டி நிற்பது இழுத்துப் பொருத்தும் விடை. முன்னதை ஏற்பது கடமை. பின்னதை ஏற்பது பெருந்தன்மை. கருதிய விடையும் இதே சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது முக்கியமானது. புதிராசிரியர் கருதிய விடையே அரிய பொருளை வேண்டி நிற்க, நேயரின் விடை வழக்குப் பொருளில் அமையுமானால், சிறந்த விடை நேயருடையதே.

உரையாசிரியர் மரபு இதற்கு ஒளி தருகிறது. தாம் கொண்ட பொருளை நிறுவிய பின்னர், வேறு பொருள் உரைப்பாரும் உளர் எனச் சுட்டுவதும், ஏலாதாயின் ஏலாமைக்குக் காரணம் காட்டுவதும் உரைநெறி. மாற்றுக் கருத்தைக் காரணமின்றித் தள்ளுவது அந்நெறியன்று. மறுக்கப்படும் விடைக்குக் காரணத்தை ஒரு தொடரிலேனும் கூறுவது வானொலிக்கும் இயலும்.

மயக்கம் குற்றமும் உத்தியும்

மயங்க வைத்தலைக் குற்றத்துள் வைத்த நன்னூல், இரட்டுற மொழிதலை முப்பத்திரண்டு உத்திகளுள் வைக்கிறது. இரண்டிலும் பொருள் ஒன்றுக்கு மேற்பட்டது; வேறுபாடு ஆளுகையில் உள்ளது. காளமேகத்தின் சிலேடைகளில் ஒரே பாடல் இரு பொருள்களுக்குச் சொல்தோறும் இசைந்து நிற்கும். எவரும் அதனை மயக்கம் என்று குறை கூறுவதில்லை.

ஷார்ட்ஸ் ஆசிரியராக இருந்து வெளியிட்ட குறுக்கெழுத்துப் புதிரொன்று இவ்வேறுபாட்டை விளக்கவல்லது. ஜெரமையா ஃபாரெல் வகுத்த அப்புதிர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நாளான 1996 நவம்பர் 5 அன்று வெளிவந்தது. மறுநாள் நாளிதழின் தலைப்புச் செய்தியைக் கேட்கும் குறிப்பிற்கு கிளின்டன், பாப் டோல் ஆகிய இரு வேட்பாளருள் எவர் பெயரும் பொருந்தியது. ஆங்கிலத்தில் இரண்டும் ஏழெழுத்து. அவற்றைக் குறுக்கே வெட்டிச்செல்லும் ஏழு சொற்களின் குறிப்புகளும் இரு விடைகளுக்கு இடந்தருமாறு அமைந்திருந்தன. ஹாலோவீன் நாளோடு தொடர்புடைய கறுப்பு விலங்கு பூனையாகவும் இருக்கலாம், வௌவாலாகவும் இருக்கலாம். அதற்கேற்பத் தலைப்புச் செய்தியின் முதலெழுத்து மாறும். ஒரு விடையை ஏற்று மற்றதை மறுக்கும் தீர்ப்பு இங்கு எழவில்லை. மயக்கம் ஆசிரியரால் அறியப்பட்டது. இருபுறமும் முழுமையாகக் காக்கப்பட்டது. அறிவினா என்னும் இயல்பு கெடாமலே விடை இரண்டாயிற்று. வாரப்புதிரில் எழும் எதிர்பாராத மாற்றுவிடையோ ஆசிரியர் அறியாது நேர்வது. அறிந்து செய்த மயக்கம் உத்தி. அறியாது நேர்ந்தது குற்றம். நேர்ந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு மாற்றுவிடையை ஏற்கும்போது அது குற்றம் என்னும் நிலையிலிருந்து நீங்குகிறது, மறுக்கும்போது நிலைத்துவிடுகிறது.

முடிவுரை

வானொலிச் சொற்புதிரில் விடைமயக்கம் மூவழியில் தோன்றுகிறது: வினாவில் நிபந்தனை குறைதல், எழுத்து முதலிய அலகுகள் வரையறுக்கப்படாமை, சொற்பொருளின் விரிவு. முதலிரண்டும் விடுப்பவரின் பொறுப்பு. அவ்வழி வரும் விடைகளை ஏற்றலே நேர்மை. மூன்றாவதில் வழக்கே நடுவராதல் வேண்டும். கருதிய விடை என்பது வினாவிற்கு வெளியே ஆசிரியர் உள்ளத்தில் இருப்பது. வினாவில் இடம்பெறாத நிபந்தனையால் நேயரைக் கட்டுப்படுத்த இயலாது. எதிர்பாராத விடையொன்று வரும்போது ஆசிரியரின் தலைமை குறைவதில்லை. ஒருவர் வகுத்த வினாவிற்குள் அவரும் காணாத மற்றொரு வாயிலை நேயர் காட்டியிருக்கிறார். அதனை வினாவின் சொற்களோடு ஒப்பிட்டு, ஏற்பதாயினும் மறுப்பதாயினும் காரணத்தோடு அறிவிக்கும்போது விடுப்பவருக்கும் விடுவிப்பவருக்கும் இடையிலான உடன்பாடு அடுத்த வாரத்திற்கும் நிலைபெறுகிறது.