முட்டைக்குப் பிறகு

தொட்டியின் அடியில் மணலைக் கிளறித் திரியும் கோரிடோரஸ் (சுருக்கமாக ‘கோரி’) கெளுத்தியை வீட்டிலேயே சுலபமாகக் குஞ்சு பொரிக்க வைக்கலாம் என்று மீன்கடைகளில் சொல்வதுண்டு. பாதி உண்மை. தென் அமெரிக்க ஓடைகளில் மழை பிடித்ததும் முட்டையிடும் மீன் இது. சில வாரம் நல்ல தீனி போட்டுவிட்டுப் பாதித் தண்ணீரை இறைத்து, இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், மழை வந்துவிட்டதென்று ஏமாந்து மறுநாளே கண்ணாடியில் முட்டையை ஒட்டத் தொடங்கிவிடும். டார்வின் பீகிள் பயணத்தில் சேகரித்தவற்றுள் ஒன்றான பெப்பர்டு கோரியை, 1878லேயே பாரிஸில் பியேர் கார்போனியே என்ற மீன்வளர்ப்பாளர் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார். ஏர் பம்பும் ஹீட்டரும் வீடுகளுக்கு வராத காலம் அது.

இந்தப் பொழுதுபோக்கின் பெரிய பலம் கண்ணால் காணக் கிடைப்பது. பெண் மீன் ஆணின் வயிற்றருகே வாயை ஒட்டிக்கொள்ள, இரண்டும் ஆங்கில ‘டி’ எழுத்துப்போல் சில நொடி அசையாமல் நிற்கும். பிறகு பெண், வயிற்றுத் துடுப்புகளைக் குவித்துப் பிடித்த பையில் ஓரிரு முட்டைகளுடன் கிளம்பி, கண்ணாடியை வாயால் துழாவி இடம் பார்த்து ஒட்டும். ஆணின் விந்தைப் பெண் விழுங்கிவிடுகிறது, அது குடல் வழியாகச் சில நொடிகளில் வெளியேறி முட்டையைச் சேர்கிறது என்று 1995இல் ஆய்வாளர் மசனோரி கோடா குழுவினர் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வெண்கலக் கோரி. ஆற்றின் கலங்கலில் இதைப் பார்த்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

சிக்கல் முட்டைக்குப் பிறகு. விட்டுவைத்தால் பெற்ற மீன்களே தின்றுவிடும் என்பதால், விரல் நுனியால் உருட்டி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, காற்றுக்கல் வைத்து, பூஞ்சையைத் தடுக்க மெத்திலீன் புளூ சில சொட்டு விட வேண்டும். வெள்ளையாகிப்போன முட்டையை உடனே பொறுக்காவிட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும் குஞ்சு முதலில் மஞ்சள்கருப் பையில் பிழைக்கும். அது கரைந்ததும் அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலோ மைக்ரோ வார்ம் என்னும் நுண்புழுவோ தினமும் இரண்டு மூன்று வேளை தேவை. மிஞ்சிய தீனி அடியில் அழுகும். குஞ்சுகள் வாழ்வதும் அதே அடியில். அலுவலகம் போய்வருபவர் இரண்டு நாள் தண்ணீர் மாற்றத் தவறினால் காலையில் டப்பா முழுக்கப் பிணம். சென்னை வெயிலில் இது இன்னும் மோசம். மார்கழியில் முயல்பவர் தப்பிக்கிறார். முட்டையைப் படம் பிடித்துக் காட்டுகிறவர்கள் பலர். மிஞ்சிய குஞ்சுகளின் கணக்கைக் காட்டுகிறவர்கள் குறைவு.

வீட்டில் வளர்த்தால் காட்டு மீன் தப்பிக்கும் என்ற வாதம், ‘சுலபம்’ என்ற பேச்சைவிடப் பலவீனமானது. வெண்கலக் கோரியும் பெப்பர்டு கோரியும் பல்லாண்டுகளாகப் பண்ணைகளிலேயே பெருகுகின்றன. அவற்றை வீட்டில் பெருக்குவதால் ஆற்றுக்கு லாபம் அதிகமில்லை. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றுப் பகுதியின் அடோல்போ கோரி போன்றவை ஆற்றிலிருந்து பிடிபடுபவை. ஆனால் அங்கே பார்செலோஸ் நகரில் வண்ணமீன் பிடிப்பு பல குடும்பங்களின் பிழைப்பு. மீன் விலைபோகும்வரை காட்டை அழிக்க அவசியம் வராது என்பதுதான் அந்த மீன்பிடிப்பை ஆதரிக்கும் ‘புராஜெக்ட் பியாபா’ அமைப்பின் வாதம். வலையே வேண்டாம் என்று இங்கே உட்கார்ந்து முடிவுசெய்வது அவசரம்.

பொரித்த அத்தனையும் பிழைத்துவிட்டால் அது வேறு தலைவலி. கடைக்காரர் சிலவற்றை வாங்குவார், நண்பர்கள் சிலவற்றை. ஒரே ஜோடியின் பிள்ளைகளையே திரும்பத் திரும்ப இணைத்தால் ஊனக் குஞ்சுகள் கூடும். மீதியை ஏரியில் விடலாம் என்ற யோசனைதான் ஆபத்து. பாசி தின்னும் என்று வாங்கப்பட்ட இன்னொரு தென் அமெரிக்கக் கெளுத்தியான சக்கர் மீன், தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்ததும் வெளியே விடப்பட்டுத் தமிழகம், கேரளம், ஆந்திர நீர்நிலைகளில் பெருகி வலைகளைக் கிழிக்கிறது. கோரி அந்த அளவுக்குப் போகாமலிருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க ஏரி இடமல்ல. வாங்க ஆள் இருக்கும் அளவுக்கு முட்டையைப் பிரித்துவிட்டு மற்றதைத் தொட்டியிலேயே விடுவது உத்தமம். தாய்மீன் தின்றுவிடும்தான்; பட்டினி கிடந்து சாகும் குஞ்சுகளைவிட அது மேல்.