கூட்டத்தின் குரல் யாருக்கு?

பெரிய வெள்ளி அன்று மணி அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். பிற்பகல் வழிபாட்டில், பெங்களூர் பிரேசர் டவுன் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களிலும், யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு பங்கு பிரித்து வாசிக்கப்படும். இயேசுவின் பகுதி சாமியாருக்கு. சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தும் கூட்டத்தின் பகுதி பெரும்பாலும் சபையாருக்கு. வருடம் முழுக்கச் செபமாலை உருட்டும் பாட்டியும் அந்தக் குரலில் சேர்ந்தாக வேண்டும். பழியை நம் வாயிலேயே வைத்துவிடுகிற ஏற்பாடு இது. பாவிகளான கிறிஸ்தவர்களின் குற்றமே யூதருடையதைவிடப் பெரிது என்று திரெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூல் 1566-லேயே சொன்னது.

ஆனால் கதைசொல்லியின் பகுதி இதைக் கெடுத்துவிடுகிறது. அவர் வாயில் திரும்பத் திரும்ப 'யூதர்கள்' என்றே வருகிறது. ஐரோப்பாவில் இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்களே என்ற பழி எவ்வளவு ஊறியிருந்தது என்றால், ஸ்பானியம், போர்ச்சுகீசியம், இத்தாலியம் எல்லாவற்றிலும் தெய்வத்தைக் கொன்றவனுக்கென்றே லத்தீன் வழிச் சொல் உண்டு. அது யூதர்மேல் வீசப்பட்டது. அந்த வெறுப்பு நம் கரைக்கும் வந்தது. கோவாவில் வாழ்ந்த யூத வம்சத்து மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1568-ல் இறந்தார். இரகசியமாக யூத சமயத்தைப் பின்பற்றினார் என்று 1580-ல் மத விசாரணை மன்றம் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தது.

1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்தக் கூட்டுப்பழியை மறுத்தது: ஆதரவு 2,221, எதிர்ப்பு 88. ஆனால் முந்தைய வரைவில் இருந்த 'தெய்வக்கொலை' என்ற சொல்லை இறுதி வடிவில் எடுத்துவிட்டார்கள். பெயர் சொல்லிக் கண்டித்திருக்கலாம்.

இங்கே யூதரே இல்லையே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. கமர்ஷியல் தெருவில் செருப்புக் கடை வைத்திருந்த ரூபின் மோசஸ் யூதர்தான். மைசூர் ரோட்டுப் பக்கம் யூதர் கல்லறையும் இருக்கிறது. இதெல்லாம் தெரியாதவருக்கு யூதர் என்றால் வாசகத்தில் வருகிறவர் மட்டும்தான். நஷ்டம் அங்கேதான்.

அதற்காக வாசகத்தை வெட்டித் திருத்த வேண்டாம். யோவான் எழுதியது யூதர்களுக்குள் நடந்த உள்வீட்டுச் சண்டை. வாசிப்புக்கு முன் ஒரு நிமிடம் போதும்: இயேசு, மரியாள், பேதுரு எல்லாரும் யூதர்கள், தீர்ப்பளித்தவர் ரோமை ஆளுநர் பிலாத்து, விசுவாசப் பிரமாணத்திலும் அவர் பெயர்தான் இருக்கிறது. நேரம் மிச்சம் என்று கூட்டத்தின் பகுதியைப் பாடற்குழுவிடம் கொடுத்துவிடும் பழக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. சபையார் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றால், குற்றவாளி மறுபடியும் வேறு யாரோ ஆகிவிடுகிறான்.