விரல் இழுக்க, கட்டைவிரல் தள்ள

துப்பாக்கி எனக்கு ஒவ்வாத பொருள். பயத்லான் துப்பாக்கிக்கு மட்டும் விலக்கு. பனிச்சறுக்கில் ஓடி வந்து, மூச்சிரைக்க, 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து கரும்புள்ளிகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது புள்ளியின் அகலம் வெறும் 45 மில்லிமீட்டர். ஒவ்வொரு குண்டையும் கையால்தான் ஏற்ற வேண்டும். அங்கேதான் அழகு: ஆள்காட்டி விரல் போல்ட்டைப் பின்னால் இழுக்கிறது, கட்டைவிரல் முன்னால் தள்ளுகிறது, அடுத்த குண்டு தயார். கை பிடியை விட்டு அகல்வதில்லை. கன்னமும் கட்டையை விட்டு எழுவதில்லை. ஃபோர்ட்னர் என்பவரின் பெயர் தாங்கிய இந்த அமைப்பு 1980-களில் வந்தது.

களத்தில் தென்படும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அன்ஷுட்ஸ் குடும்ப நிறுவனத்தின் தயாரிப்பு. 1856-ல் துரிங்கியாவின் மெஹ்லிஸில் யூலியுஸ் கோட்ஃபிரீட் அன்ஷுட்ஸ் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பகுதி சோவியத் வசமாக, தொழிற்சாலையும் கைவிட்டுப் போனது. குடும்பம் மேற்கே வந்து, 1950-ல் டான்யூப் கரையிலுள்ள உல்ம் நகரில் மறுபடி கடைவிரித்தது. மெஹ்லிஸ் பக்கத்துக்காரர்களான, துப்பாக்கி செய்யும் வால்தர் குடும்பமும் உல்முக்கே வந்து சேர்ந்தது வேடிக்கைதான்.

வால்தர் பெயரைச் சினிமா ஊரறியச் செய்துவிட்டது. அன்ஷுட்ஸைத் தெரிந்தவர்கள் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள்தான். என் ஓட்டு அன்ஷுட்ஸுக்கே. குறிமுள்ளில் பனி அடையாதிருக்க ஒரு குட்டி மூடிகூட வைத்திருக்கிறார்கள்!