பற்றும் வரவும்: எல்லைப்புறத் தமிழ் மாணவரின் வணிகவியல் கல்வியில் கணக்கியற் கலைச்சொற்கள்

முன்னுரை

தமிழில் கலைச்சொல்லாக்கம் பற்றி நிகழ்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் அறிவியல், மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளையே மையமாகக் கொண்டவை. வணிகவியலும் கணக்கியலும் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. கணக்கியலுக்கு வேண்டிய அடிப்படைச் சொற்கள் புதிதாக ஆக்கப்பட வேண்டியனவாக இல்லாமல், கடைத்தெருவிலும் வீட்டிலும் முன்பே வழங்கிவந்தமை இதற்கு ஒரு காரணம் எனலாம். சிட்டை, பேரேடு, ஐந்தொகை முதலிய சொற்களைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924-1936) பதிவு செய்துள்ளது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கணக்குமுறையில் இவை நெடுங்காலம் ஆளப்பட்டன.

வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட சொல் தானாகவே தெளிவானது என்னும் எண்ணம் கலைச்சொல் தொகுப்பாளரிடையே நிலவுகிறது. இவ்வெண்ணம் முழுவதும் பொருந்துவதன்று. வழக்குச்சொல் ஒன்று துறைச்சொல்லாக உயரும்போது, அது வழங்கிய சூழலும் அச்சூழலுக்குரிய நோக்குநிலையும் கழன்றுவிடுகின்றன. கணக்கியலின் முதற்பாடமாகிய பற்று, வரவு என்னும் இணைச்சொற்களைச் சான்றாகக் கொண்டு, கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிகளில் வணிகவியல் பயிலும் தமிழ் மாணவரின் நிலையிலிருந்து இதனைத் திறனாய்ந்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் மொழிச்சூழலும்

மொழிவழி மாநிலச் சீரமைப்பின்படி 1956 நவம்பர் 1 அன்று கேரளம் அமைந்தபோது, மூன்று வேறு ஆட்சிகளின் கீழ் இருந்த தமிழ் வழங்கும் பகுதிகள் அதனுள் அடங்கின. சித்தூர் கொச்சி நாட்டையும், பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தையும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரையும் சார்ந்தவை. இடுக்கி தனி மாவட்டமாக 1972 ஜனவரி 26 அன்று உருவாயிற்று. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை ஆகிய ஊர்களின் அன்றாட வாணிகம் பொள்ளாச்சியோடும் கோயம்புத்தூரோடும் பிணைந்துள்ளது. மறையூரும் காந்தளூரும் உடுமலைப்பேட்டையை நோக்கி நிற்கின்றன. உடும்பன்சோலைப் பகுதியில் விளையும் ஏலக்காய், மலைமேல் புற்றடியிலும் மலையடிவாரத்தில் போடிநாயக்கனூரிலும் ஏலத்திற்கு வருகிறது. ஆகவே இப்பகுதியில் கணக்கு என்பது இரு மாநிலங்களுக்கும் இரு மொழிகளுக்கும் இடையே நாள்தோறும் நடமாடும் ஒன்றாகும்.

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி அளிக்க அரசியலமைப்பின் 350அ உறுப்பு வழிசெய்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளவும் அம்மொழியிலேயே விடை பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. தேவிகுளம், சித்தூர் வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. 1947இல் தோன்றிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு.

எனினும் வணிகவியலைப் பொறுத்தவரை இவ்வுரிமைகள் பள்ளியிறுதியோடு நின்றுவிடுகின்றன. மேல்நிலைக் கணக்கியல், தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் ஆங்கில நூலை ஒட்டியது. பாலக்காட்டுக்குரிய கோழிக்கோடு பல்கலைக்கழகமும் (1968), இடுக்கிக்குரிய மகாத்மா காந்தி பல்கலைக்கழகமும் (1983) வணிகவியல் இளநிலைப் பாடங்களை ஆங்கிலத்தில் அமைத்துள்ளன. வகுப்பறை விளக்கம் மலையாளத்தில் நிகழ்வது இயல்பு. தமிழை மொழிப்பாடமாகத் தேர்ந்துகொள்ளும் மாணவர்க்கும் அப்பாடம் இலக்கியமும் இலக்கணமுமாகவே அமைகிறது. இவ்வாறு நூல் ஆங்கிலத்திலும் விளக்கம் மலையாளத்திலும் சிந்தனை தமிழிலும் என மூன்றாகப் பிரிந்து நிற்கும் நிலையில்தான் மாணவர் பற்றையும் வரவையும் சந்திக்கிறார்.

பற்று, வரவு: சொல்லின் நோக்குநிலை

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'டெபிட்' என்பதற்குப் பற்று என்றும், 'கிரெடிட்' என்பதற்கு வரவு என்றும் ஆள்கின்றன. மூவகைக் கணக்குகளுக்கும் மூன்று விதிகள் கூறப்படுகின்றன. ஆள்சார் கணக்கில் பெறுபவர்க்குப் பற்று, தருபவர்க்கு வரவு. சொத்துக் கணக்கில் உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு. பெயரளவுக் கணக்கில் செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு என்பன அவை.

இவற்றுள் இரண்டாம் விதி மாணவரை இடறச் செய்கிறது. உள்ளே வருவதை வரவு என்னாது பற்று என்பதும், வெளியே செல்வதை வரவு என்பதும் தமிழறிந்தவர் எவர்க்கும் முரணாகவே தோன்றும். ஆங்கிலவழி மாணவர்க்கு இவ்விடர் இல்லை. 'டெபிட்', 'கிரெடிட்' என்பன அவருக்குப் பொருளற்ற குறியீடுகளாக இருப்பதால், விதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். தமிழ் மாணவர்க்கோ சொல்லின் பொருள் தெரிந்திருப்பதே தடையாகிறது.

இம்முரணின் தோற்றுவாய் கடைக்கணக்கில் உள்ளது. மளிகைக் கடையொன்றில் ஒருவர் 300 ரூபாய்க்கு அரிசி வாங்கி, பின்னர் 200 ரூபாய் செலுத்துகிறார் எனக் கொள்க. கடைக்காரர் அவர் பெயருக்குரிய பக்கத்தில் பற்று 300 என்றும், வரவு 200 என்றும், நிலுவை 100 என்றும் எழுதுவார். இங்கே பற்றியவர் வாடிக்கையாளர். வரவு வந்து சேர்ந்த இடம் கடை. அதாவது, பற்று என்னும் சொல் எதிரிலிருப்பவரின் செயலைக் குறிக்க, வரவு என்னும் சொல் கணக்கெழுதுபவரின் நிலையிலிருந்து கூறப்படுகிறது. ஓரிணையாக வழங்கும் இவ்விரு சொற்களும் இரு வேறு நோக்குநிலைகளைக் கொண்டவை. ஆள்சார் கணக்கு அளவில் இதனால் குழப்பம் எழுவதில்லை. வங்கிக் கணக்கேட்டிலும் அவ்வாறே: போட்ட பணம் வரவு, எடுத்த பணம் பற்று. ஆனால் அதே சொற்களை ரொக்கம், எந்திரம், சரக்கு ஆகிய உயிரற்ற பொருள்களின் கணக்குக்கு நீட்டும்போது, ரொக்கத்தையே ஓர் ஆளாகக் கருத வேண்டியதாகிறது. ரொக்கப்பெட்டி பணத்தைப் 'பற்றியது' என்றும், அது தந்த பணம் அதனிடமிருந்து 'வந்தது' என்றும் கொண்டால் விதி பொருந்தும். இந்த உருவகத்தை எடுத்துரைக்காமல் விதியை மட்டும் கூறுவதே பாடநூல்களின் குறை.

ஐரோப்பிய மரபிலும் தொடக்கம் இத்தகையதே. லூக்கா பாச்சியோலி 1494இல் வெனிசு நகரில் வெளியிட்ட கணித நூலில் இரட்டைப்பதிவு முறை விளக்கப்பட்டது. இத்தாலிய வழக்கில் இருபுறங்களும் 'தர வேண்டியவர்', 'பெற வேண்டியவர்' என ஆளைக் குறித்தே அமைந்தன. ஆகவே முரண் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் சொற்களின் மூலப்பொருள் மறைந்துவிட்டமையால் அது புலப்படுவதில்லை. தமிழில் சொற்கள் உயிருடன் இருப்பதால் புலப்படுகிறது.

இலங்கைத் தமிழ் வழக்கு

இலங்கையில் கணக்கியல் பள்ளிநிலையிலிருந்தே தமிழ்வழியில் கற்பிக்கப்பட்டு வருகிறது. அங்கு 'டெபிட்' வரவு எனவும், 'கிரெடிட்' செலவு எனவும் வழங்குகின்றன. அதாவது, தமிழ்நாட்டில் ஒரு பக்கத்தைக் குறிக்கும் வரவு என்னும் சொல், இலங்கையில் அதற்கு நேரெதிர்ப் பக்கத்தைக் குறிக்கிறது. தமிழ்க் கலைச்சொல் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க முரண்பாடாகும். ரொக்க ஏடு அங்குக் காசேடு. இருப்பாய்வு அங்குப் பரீட்சை மீதி. தமிழ்நாட்டு நூல்கள் இருப்புநிலைக் குறிப்பு எனப் புதிதாக அமைத்துக்கொண்டதற்கு அங்கு ஐந்தொகை என்னும் பழஞ்சொல்லே நின்றது.

இலங்கை வழக்கு, கணக்கு ஒவ்வொன்றையும் அதனதன் நிலையிலிருந்து நோக்குகிறது. ரொக்கக் கணக்கில் வந்தது வரவு, சென்றது செலவு என்பதால், தமிழ்நாட்டு மாணவரை இடறச் செய்யும் இரண்டாம் விதி அங்கு இயல்பாகிறது. ஆனால் மூன்றாம் விதி அங்கு இடர் தருகிறது. வாடகை, கூலி முதலிய செலவினங்கள் அதிகரிக்கும்போது அக்கணக்குகள் வரவு வைக்கப்பட வேண்டும். வருமானக் கணக்குகள் செலவு வைக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டு வழக்கில் வருமானம் வரவாகவே நிற்பதால் இவ்விடர் தோன்றுவதில்லை. ஆகவே இரண்டனுள் ஒன்று முற்றும் சரி, மற்றது முற்றும் பிழை எனத் தீர்ப்புக் கூற இயலாது. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் தெளிவையும் ஓரிடத்தில் மயக்கத்தையும் தருகின்றது. சொற்பட்டியல்கள் நிகர்ச்சொல்லை மட்டும் தந்து, எந்த நோக்குநிலையிலிருந்து அச்சொல் கொள்ளப்பட்டது என்பதைக் கூறாமையே திருத்தத்திற்குரியது.

மலையாளத் தொடர்பு

எல்லைப்புற மாணவர்க்கு மலையாளம் இடையூறாகவே அமையும் எனக் கருதுவது பொருந்தாது. பற்று, வரவு, செலவு, பேரேடு, நாள்வழி, தேய்மானம் ஆகிய சொற்கள் இரு மொழிகளுக்கும் பொது. கடையில் கடனாக வாங்கியதை எழுதிவைக்கும் ஏடு மலையாளத்தில் பற்றுபுத்தகம் எனப்படுகிறது. மேலும், பற்று என்பதன் 'பெறுதல்' என்னும் பொருளை மலையாளம் தெளிவாகக் காத்துள்ளது. தமிழில் கைப்பற்றுதல் என்பது வலிந்து கொள்ளுதலைக் குறிக்க, மலையாளத்தில் கைப்பற்றுக என்பது பெற்றுக்கொள்ளுதல் என்னும் அளவிலேயே நிற்கிறது. தமிழில் பற்றுச்சீட்டு என்னும் தொடரில் மட்டும் இப்பொருள் எஞ்சியுள்ளது. 'பெறுபவர்க்குப் பற்று' என்னும் விதியை விளக்க இதனினும் ஏற்ற துணை வேறில்லை.

மயக்கம் தரும் சொற்களும் உள்ளன. சொத்துகளும் பொறுப்புகளும் மலையாளத்தில் ஆஸ்தி, பாத்யத எனப்படும். ஆஸ்தி தமிழர்க்கும் அறிமுகமானதே. ஆனால் பாத்தியதை என்பது தமிழ் வழக்கில் உரிமையைக் குறிக்கும். மலையாள விளக்கத்தைக் கேட்கும் தமிழ் மாணவர், தீர்க்க வேண்டிய கடனைத் தமக்கு உரிய சொத்தாகப் பொருள்கொள்ள இடமுண்டு. ஒலியால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் நிற்கும் இத்தகைய சொற்கள் தனியே தொகுக்கப்பட வேண்டியவை.

சொல்லும் வாழ்வும்

தேர்வு ஆங்கிலத்தில் நிகழ்வதால் ஆங்கிலச் சொற்களே போதும் எனச் சிலர் கருதலாம். பட்டயக் கணக்கர் தேர்வுகளும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதப்படுகின்றன. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் கணக்கியல் தேர்வோடு முடிவதன்று என்பதை இப்பகுதியின் அண்மை வரலாறு காட்டுகிறது.

மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களை டாடா தேயிலை நிறுவனத்திடமிருந்து ஏற்று நடத்தக் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் 2005இல் அமைந்தது. அதன் பங்குகளில் பெரும்பகுதி பணியாளரிடமே இருந்தது. தேயிலை கிள்ளும் தமிழ்ப் பெண்கள் அவ்வகையில் பங்குதாரரும் ஆயினர். முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனசு 2015இல் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, இலாபக் குறைவு அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் சங்கங்களின் தலைமையை விலக்கித் தாமே திரண்டு போராடினர். 'பெம்பிளை ஒருமை' என அறியப்பட்ட அப்போராட்டத்தின் முடிவில் போனசும் கருணைத்தொகையும் சேர்ந்து 20 விழுக்காடு வழங்க இணக்கம் ஏற்பட்டது.

இங்கே வழக்கின் மையம் ஓர் இலாபநட்டக் கணக்காகும். 1965ஆம் ஆண்டின் போனசு வழங்கல் சட்டம் 8.33 விழுக்காட்டைக் கீழெல்லையாகவும் 20 விழுக்காட்டை மேலெல்லையாகவும் வைத்து, இடைப்பட்ட தொகையை நிறுவனத்தின் உபரியைக் கணக்கிட்டே முடிவுசெய்யச் சொன்னது. உபரி எவ்வாறு வந்தது, தேய்மானம் எவ்வளவு கழிக்கப்பட்டது என்னும் வினாக்களைத் தோட்டக் குடியிருப்பில் விளக்க வல்லவர், அக்குடியிருப்பிலிருந்து கல்லூரிக்குச் சென்று வணிகவியல் பயிலும் மகனோ மகளோ ஆவர். விதியை ஆங்கிலத்தில் ஒப்பித்துத் தேறிய அம்மாணவர், தாயிடம் அதனைத் தமிழில் கூற இயலாதிருப்பின், அக்கல்வி வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பற்று, வரவு என்னும் சொற்களை மாற்ற வேண்டுவதில்லை. அவை பிறந்த கடைக்கணக்கிலிருந்து பாடத்தைத் தொடங்கி, அங்கிருந்து சொத்துக் கணக்குக்கும் பெயரளவுக் கணக்குக்கும் செல்லும் முறையே வேண்டுவது. இரண்டாவது, கலைச்சொல் அகராதிகள் நிகர்ச்சொல்லோடு அதன் நோக்குநிலையையும், இலங்கை வழக்கு மாறுபடும் இடத்தையும் குறிப்பிட வேண்டும். மூன்றாவது, எல்லைப்புறக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் வணிகவியல் துறையும் இணைந்து, ஆங்கிலம், தமிழ்நாட்டு வழக்கு, இலங்கை வழக்கு, மலையாளம் என்னும் நான்கு நிரல்கள் கொண்ட சொற்கோவை ஒன்றை உருவாக்கலாம். மயக்கம் தரும் சொற்கள் அதில் தனிக்குறியுடன் இடம்பெற வேண்டும். பெருஞ்செலவோ புதிய ஆணையோ இதற்குத் தேவையில்லை.

பற்றுபுத்தகத்தைக் கண்டு வளர்ந்த மாணவர் கணக்கியலின் முதல் விதியை அறிந்தே கல்லூரிக்கு வருகிறார். அவர் அறிந்ததை அவருக்கே அறிவிப்பது தமிழாசிரியர்க்கும் வணிகவியல் ஆசிரியர்க்கும் பொதுவான கடமையாகும்.