கருவளர்ச்சிப் பாடல்களும் கேளாஒலிப் படமும்: 'பிழைத்தல்' என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

கரு மாதந்தோறும் வளர்வதைக் கூறும் பகுதிகள் வடமொழியிலும் தமிழிலும் உள்ளன. கர்ப்போபநிடதம், திருமந்திரம், திருவாசகத்தின் போற்றித் திருவகவல் ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. ஸ்கேன் எனப்படும் கேளாஒலிச் சோதனை காட்டுவதை முன்னோர் முன்பே கண்டனர் என்பதற்கு இவற்றைச் சான்றாக்குவதுண்டு. அக்கூற்றின் பொருத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

உருவமும் இடரும்

கர்ப்போபநிடதம் கருவின் உறுப்புகளை வரிசைப்படுத்துகிறது. இரண்டாம் மாதத்தில் தலையும், மூன்றாம் மாதத்தில் கால்களும், ஆறாம் மாதத்தில் வாய், மூக்கு, கண், செவி ஆகியனவும் தோன்றும் என்பது அதன் கூற்று. இயன் டொனால்டும் உடன் ஆய்ந்தோரும் 1958இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் மகப்பேற்று மருத்துவத்தில் பரவிய கேளாஒலிச் சோதனை வேறு வரிசையைக் காட்டுகிறது. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால், ஏறத்தாழ 6ஆம் வாரத்தில் இதயத்துடிப்பும் 12ஆம் வாரத்தில் முகத்தின் பக்கத்தோற்றமும் கைகால்களும் புலப்படுகின்றன. எனவே, உறுப்பு வரிசையைக் கொண்டு இந்நூலை அறிவியல் முன்னோடியாக நிறுவுதல் இயலாது.

மாணிக்கவாசகரோ உறுப்புகளை எண்ணவில்லை, இடர்களை எண்ணுகிறார். கருப்பையில் நிகழும் கிருமிகளின் போர் முதல் பத்தாம் திங்களின் துயர் வரை ஒவ்வொன்றும் 'பிழைத்தும்' என்றே முடிகிறது. பிழைத்தல் என்பது தவறுதலையும் தப்புதலையும் ஒருங்கே உணர்த்தும் சொல். பிறந்த ஒவ்வொருவரும் தவறிப்போகாமல் தப்பியவரே என்பது இதனால் பெறப்படுகிறது. கருவைப் புறத்தே நின்று காண்பவரின் மொழி அன்று இது. உள்ளிருந்து மீண்டவரின் மொழி. தொடக்கத்தில் வயிறாக மட்டுமே சுட்டப்படும் தாய், பத்தாம் திங்களில் குழந்தையோடு துயருறும் உயிராக இடம்பெறுவதும் நோக்கத்தக்கது. கேளாஒலிப் படத்தில் தாய் இடமாக மட்டுமே எஞ்சுகிறாள்.

பட்டியலில் இல்லாத இடர்

ஆண்கூறு மிகின் ஆணும் பெண்கூறு மிகின் பெண்ணும் பிறக்கும் என்னும் கருத்து கர்ப்போபநிடதத்திலும் திருமந்திரத்திலும் காணப்படுகிறது. ஆண்டும் பெண்ணாதல் இடராகக் கூறப்படவில்லை. போற்றித் திருவகவலின் பட்டியலிலும் அது இல்லை. கருவின் குறைகளை அறிந்து காக்க வந்த கருவி, பாலை அறியவும் பயன்பட்டபோது புதிய இடர் ஒன்று தோன்றியது. கருவின் பாலறிதலைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2003இல் திருத்தமும் பெற்றது. ஆயினும், ஆறு வயதிற்குட்பட்டோரில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2001இல் 927ஆகக் குறைந்தது. இங்கு இடர் கருப்பையிலிருந்து வரவில்லை. காண்பவரின் கண்ணிலிருந்து வந்தது.

முடிவுரை

இப்பகுதிகளை அறிவியல் முன்னறிவாகப் போற்றுவது அவற்றின் பெருமையைக் குறைப்பதாகும். கருவி உருவத்தைக் காட்டும். அவ்வுருவம் பிழைக்க வேண்டிய உயிர் என்பதைக் காட்டாது. அதனை உணர்த்துவதே போற்றித் திருவகவல் இன்றும் கற்கப்பட வேண்டியதற்குரிய காரணம் எனலாம்.